தொடக்கப் பள்ளியில் சமயங்களைப் பற்றிப் பேசுவது எப்படி?

நாகூர் தர்கா, சிக்கல் சிங்காரவேலவர் கோயில், வேளாங்கண்ணிப் பேராலயம் மூன்றும் இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த வட்டாரத்தில் நாலாவது படிக்கிற பிள்ளைக்குக் கந்தூரி தெரியும். சிக்கலில் முருகன் வேல் வாங்குவது தெரியும். ஆகஸ்ட் 29-ல் மாதா கோயில் கொடியேற்றம் என்பதும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் வீட்டில் பெரியவர்கள் ஏன் ஒரு மாதம் பகலில் சாப்பிடுவதில்லை, இன்னொருவன் ஏன் திருநீறு கொடுத்தால் வாங்குவதில்லை என்பது மட்டும் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்கிவிடுகிறோம். நாம் பேசாமல் விட்டதைப் பிள்ளைகள் தெருவிலும் வாட்ஸ்அப்பிலும் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே கிடைப்பதில் பாதி தப்பு, மீதி வெறுப்பு.

பள்ளிக்கூடம் இதைப் பேசத்தான் வேண்டும். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எதைப் பேசலாம், எப்படிப் பேசலாம், எங்கே சறுக்கும் என்பதைப் புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்காக இங்கே சொல்கிறோம்.

சட்டம் எதைத் தடுக்கிறது?

சமயத்தைக் கற்பிக்கக் காவிரி டெல்டாவில் ஏற்கெனவே இடங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் பள்ளிவாசலுக்கு ஓதப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்விக்கு உட்காருகிறவர்களும், கோயில் மண்டபத்தில் ஓதுவாரிடம் தேவாரம் கற்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கெல்லாம் நோக்கம் ஒன்றுதான்: பிள்ளை அந்த நம்பிக்கைக்குள் வளர வேண்டும். அது குடும்பத்தின் உரிமை, பள்ளியின் வேலை அல்ல. தன்னைச் சுற்றியிருக்கும் மனிதர்கள் எதை நம்பி, எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பிழையில்லாமலும் மரியாதையோடும் சொல்லத் தெரிந்த பிள்ளையை உருவாக்குவதே பள்ளியின் வேலை.

அரசியலமைப்பின் 28-வது பிரிவு இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இதில் அடங்கும். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் தனியார் பள்ளியில் சமய போதனையோ வழிபாடோ நடந்தால், அதில் கலந்துகொள்ளும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த முடியாது. சிறுவர் என்பதால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் டெல்டாவில் நிறைய இருப்பதால் இந்த இரண்டாவது விதி இங்கே அதிகம் பொருந்தும். காரைக்கால் வேறு ஆட்சிப்பகுதி என்றாலும் விதி ஒன்றே.

சமயங்களைப் பற்றிப் படிப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. குருநானக்கின் வாழ்க்கையையும் போதனைகளையும் கல்வியாகப் படிப்பது சமய போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொன்னது. 2002-ல் அருணா ராய் வழக்கிலும், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது 28-வது பிரிவுக்கு எதிரானது அல்ல என்றது.

எடுக்கப்போகும் பாடம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் உங்களையே ஒன்று கேளுங்கள்: பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்? கை கூப்ப வேண்டும், மந்திரத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், நம்ப வேண்டும் என்றால் அது போதனை. பக்கத்து வீட்டார் என்ன செய்கிறார்கள், ஏன் என்று அவர்கள் சொல்கிறார்கள் என்பதை விளக்கத் தெரிய வேண்டும் என்றால் அது கல்வி. கோலாட்டம், நாடகம் என்று வரும்போது இந்தக் கேள்வி மிகவும் உதவும். தொழுகையையோ திருப்பலியையோ பூசையையோ பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம்புகிற வீட்டுக்கு அது விளையாட்டாகிவிடும், நம்பாத வீட்டுக்குத் திணிப்பாகிவிடும். இரண்டு பக்கமும் மனம் புண்படும்.

காலை இறைவணக்கக் கூட்டத்துக்கும் இதே கவனம் வேண்டும். தங்கள் நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதத்தைப் பாடாமல், ஆனால் மரியாதையோடு எழுந்து நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிள்ளை வாய் திறக்காமல் நின்றால் அதை ஒழுங்கீனமாகப் பார்க்க வேண்டியதில்லை.

உலகப் பார்வை: ஒரு காலண்டர் தாள் போதும்

இங்கிலாந்தில் 1944-ல் வந்த சட்டம் பள்ளிகளில் சமய போதனையைக் கட்டாயமாக்கியது. அப்போது நடைமுறையில் அது கிறிஸ்தவப் பாடம்தான். 1960-களின் இறுதியில் நினியன் ஸ்மார்ட் என்ற அறிஞர், சமயத்தை வெறும் கோட்பாடாகப் பார்க்காமல் சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, ஒழுக்கம், சமூக அமைப்பு என்று பல முகங்களாகப் பார்க்கச் சொன்னார். அங்கே அமைக்கப்பட்ட ஓர் ஆணையம் 2018-ல் பாடத்தின் பெயரையே 'சமயமும் உலகப் பார்வைகளும்' என்று மாற்றப் பரிந்துரைத்தது. எந்தச் சமயத்தையும் சேராதவர்களுக்கும் வாழ்க்கையைப் பற்றி ஒரு பார்வை உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. நமக்கு இது புதிதல்ல. கடவுள் மறுப்பாளர் வீடுகளும் சுயமரியாதைத் திருமணங்களும் டெல்டாவில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அத்தகைய திருமணத்தை 1967-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் செல்லுபடியாக்கியது.

உலகப் பார்வையைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாள் போதும். ஒரே தாளில் ஆங்கிலத் தேதி இருக்கும், தமிழ் மாதத் தேதி இருக்கும், ஹிஜ்ரி தேதி இருக்கும். சூரிய உதயம், நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கும். ஆளுக்கொரு தாள் கொடுங்கள். காசு செலவில்லை, பழைய தாள்களைச் சேர்த்து வைத்தாலே ஆகும். "இந்தத் தாள் நாலு வீட்டில் தொங்குகிறது. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எதைப் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். ஒரு வீட்டில் வெளியே கிளம்பும் முன் ராகு காலம் பார்ப்பார்கள். ஒரு வீட்டில் பிறை கணக்குப் பார்ப்பார்கள். ஒரு வீட்டில் ஞாயிறு என்றைக்கு என்று பார்ப்பார்கள். இன்னொரு வீட்டில் பால் கணக்கு எழுதத் தேதி மட்டும் பார்ப்பார்கள். நேரத்தை நான்கு வீடுகளும் நான்கு விதமாகப் பார்க்கின்றன, உலகப் பார்வை என்பது அதுதான். ஐந்தாம் வகுப்புக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது: எந்த வீடு எந்தச் சமயம் என்று ஒட்டிவிடாதீர்கள். ராகு காலம் பார்க்கும் கிறிஸ்தவ வீடும் உண்டு, பார்க்காத இந்து வீடும் உண்டு. வேண்டுமென்றே ராகு காலத்தில் கல்யாணம் வைத்த பகுத்தறிவாளர்களும் உண்டு.

அதே தாள் கணக்குப் பாடத்துக்கும் உதவும். வேளாங்கண்ணித் திருவிழா ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ல் முடிகிறது. நாகூர் கந்தூரி மட்டும் ஏன் மாதம் மாறி மாறி வருகிறது? பிறையைக் கொண்டு எண்ணும் ஆண்டுக்கு 354 நாள், சூரியனைக் கொண்டு எண்ணும் ஆண்டுக்கு 365 நாள். கழித்தால் 11. ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. நம்பிக்கை, வானியல், கழித்தல் மூன்றும் ஒரே பீரியடில் முடிந்துவிடும்.

மூன்று வகை வாக்கியங்கள்

இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான். ஒரு வாக்கியம் யாருடையது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

முதல் வகை, போய்ப் பார்த்தோ எண்ணியோ சரிபார்க்கக்கூடியது. 'நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள் உள்ளன.' இரண்டாவது வகை, ஒரு சாரார் நம்புவது. 'வேளாங்கண்ணியில் மாதா காட்சி தந்தார்.' மூன்றாவது, என் மனதில் தோன்றுவது. 'கடற்கரையில் நிற்கும்போது எனக்குப் பயமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறது.' கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, 'பார்க்கலாம்', 'நம்புகிறார்கள்', 'எனக்கு' என்று தலைப்பு எழுதிவிடுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மேல், நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பன்னிரண்டு துண்டுச் சீட்டு. கால் மணி நேரம் கொடுங்கள். சீட்டுகளில் எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும். 'மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ல் திறப்பது வழக்கம்', 'காவிரி நமக்கெல்லாம் தாய்', 'குர்ஆன் இறைவனின் வாக்கு', 'கடவுள் என்று யாரும் இல்லை', 'திருவாரூர்த் தேரைப் பார்த்தால் எனக்கு மெய்சிலிர்க்கும்', 'மன்னார்குடியில் சமணக் கோயில் இருக்கிறது' என்று கலந்து எழுதுங்கள். 'கடவுள் இல்லை' என்பதும் ஒரு சீட்டாக இருப்பது முக்கியம். அதை விட்டுவிட்டால், கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை தன் வீடு கணக்கில் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.

எட்டு, ஒன்பது வயதில் ஒரு இடத்தில் நிச்சயம் தடுமாறுவார்கள். 'மாதா காட்சி தந்தார் என்று நம்பி மக்கள் நடந்தே வேளாங்கண்ணிக்கு வருகிறார்கள்' என்ற சீட்டை 'நம்புகிறார்கள்' கட்டத்தில் போடுவார்கள். அது 'பார்க்கலாம்' கட்டத்துக்கு உரியது; ஆகஸ்ட் கடைசியில் சாலையோரம் நின்றால் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களைப் பார்க்கலாம், ஏன் வருகிறீர்கள் என்று கேட்கலாம். காட்சி தந்ததைத்தான் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு சீட்டின் மேல் பத்து நிமிடம் செலவழித்தாலும் தகும். பிள்ளைகள் சண்டை போடட்டும், நீங்கள் உடனே விடையைச் சொல்லிவிட வேண்டாம். 'அவர் அப்படி நம்புகிறார் என்பது உண்மை' என்பதற்கும் 'அவர் நம்புவது உண்மை' என்பதற்கும் உள்ள தூரத்தை இந்த வயதில் பிடித்துக்கொண்டவர்கள் பிற்காலத்தில் எந்தப் பதாகைக்கும் அவசரப்பட்டுக் கைதட்ட மாட்டார்கள்.

ஆசிரியர் பேச்சும் இதே ஒழுங்கில் இருக்க வேண்டும். "நாமெல்லாம் தீபாவளி கொண்டாடுகிறோம்" என்று தொடங்கினால் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள். "இந்துக்களில் பலர்" என்று தொடங்குங்கள். பிறர் கதையைக் 'கட்டுக்கதை' என்றோ, தன் கதையை 'நடந்தது' என்றோ சொல்லாதீர்கள். "முஸ்லிம்கள் சொல்லும் வரலாறு இது", "சைவர்கள் சொல்லும் கதை இது" என்று உடையவரோடு சேர்த்துச் சொன்னால் யாருக்கும் குறையில்லை.

ஒரு பாடம், இரண்டு பீரியடு: மொட்டை

கோட்பாட்டில் தொடங்கினால் தொடக்கப் பள்ளியில் எடுபடாது. செய்கிற காரியத்தில் தொடங்க வேண்டும். டெல்டாவில் அதற்கு மொட்டையைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். வைத்தீஸ்வரன் கோயிலில் முடி இறக்குகிறார்கள், வேளாங்கண்ணியில் இறக்குகிறார்கள், நாகூரிலும் இறக்குகிறார்கள். வகுப்பில் யாராவது ஒருவர் மொட்டைத் தலையோடு வந்திருப்பார்கள். அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திப் பாடம் எடுக்கக் கூடாது. பொதுவான படங்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பீரியடில் ஐந்து நிமிடம் படத்தைப் பார்த்துக் கண்ணில் படுவதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கத்தி, சந்தனம், குளம், அழுகிற குழந்தை. 'பக்தி', 'பாவம்' போன்ற சொற்கள் இப்போது வேண்டாம். பிறகு நான்கு பேர் பேசுவதாக நான்கு சிறு பத்திகளை வாசியுங்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு வாக்கியம், அவரவர் பேச்சில் இருக்கட்டும். உதாரணத்துக்கு ஒன்று:

"புள்ளைக்குக் காய்ச்சல் விடாம இருந்துச்சு. ஆஸ்பத்திரியில சேத்து ஊசி போட்டோம். நல்லாயிட்டா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வந்து முடி எறக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். அதான் இப்ப வந்திருக்கோம்."

அந்த ஆஸ்பத்திரி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால், சாமி கும்பிடுகிறவர்கள் வைத்தியம் பார்ப்பதில்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். டெல்டாவில் வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றாகத்தான் போகின்றன. வேளாங்கண்ணிப் பத்தியிலும் நாகூர்ப் பத்தியிலும் காரணத்தை மாற்றுங்கள்: ஒன்றில் நன்றி, ஒன்றில் குழந்தையின் முதல் முடி. நான்காவது பத்தி மொட்டையே போடாத வீட்டுடையது: "எங்க வீட்ல யாரும் வேண்டுதலுக்குன்னு மொட்டை போட்டதில்ல. எங்க தாத்தா காலத்துலேருந்தே அப்படித்தான். கோடைக்கு ஒட்ட வெட்டிவிடுவாங்க, அவ்வளவுதான்."

அடுத்து, பலகையில் மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை: என்ன செய்தார்கள், யாரை வேண்டினார்கள், ஏன் என்று சொன்னார்கள். முதல் நெடுவரிசை ஏறக்குறைய ஒன்றுபோல வரும். இரண்டாவதும் மூன்றாவதும் மாறும். பிள்ளைகளே அதைக் கண்டுபிடிப்பார்கள். அத்தோடு நிறுத்துங்கள்.

ஏனென்றால் இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள், "ஆக எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று முடிக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதுவும் ஒரு நம்பிக்கை. 'நம்புகிறார்கள்' கட்டத்துக்குப் போக வேண்டிய சீட்டு. பல சமயத்தார் அதை ஏற்பதில்லை. ஒற்றுமைக்கு ஒரே மாதிரி நம்ப வேண்டிய அவசியமில்லை என்பதைப் பிள்ளைகள் கற்கட்டும்.

இரண்டாவது பீரியடு ஒரே சமயத்துக்குள் இருக்கும் வேறுபாட்டுக்கு. தர்காவுக்குப் போகும் முஸ்லிம் குடும்பமும் உண்டு, இறைவனைத் தவிர யாரிடமும் வேண்டக் கூடாது என்பதால் தர்காவுக்குப் போகாத முஸ்லிம் குடும்பமும் உண்டு. ஹஜ் முடிக்கும் ஆண்கள் தலைமுடியை மழிப்பதோ குறைப்பதோ இருவருக்கும் பொது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் கத்தோலிக்க வீடும் உண்டு, மாதாவிடம் வேண்டாத லூத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளும் உண்டு. இந்துக்களில் முடி இறக்குவது குலதெய்வத்துக்கா பெரிய கோயிலுக்கா என்பதே வீட்டுக்கு வீடு மாறும். 'முஸ்லிம்கள் எல்லாரும்', 'கிறிஸ்தவர்கள் எல்லாரும்' என்று தொடங்கும் வாக்கியங்களை எழுதிப்போட்டு, 'எல்லாரும்' என்பதை அழித்து 'சிலர்', 'பலர்' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். எளிய பயிற்சி, பலன் பெரிது.

ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு இதில் பாதிகூட வேண்டாம். ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரைக்கு என்னென்ன எடுத்துப் போகிறார்கள், நோன்புக் கஞ்சியில் என்னென்ன போடுகிறார்கள் என்று பொருளையும் செயலையும் பெயர் சொல்லத் தெரிந்தால் போதும். மூன்று, நான்கில் 'ஏன் என்று அவர்கள் சொல்கிறார்கள்'. ஐந்தில் உள்வேறுபாடும், சமயம் சாராத பார்வையும், இப்போது இங்கே அருகிப்போன சமயங்களும். நாகப்பட்டினத்தில் ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்தது, ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அதற்குக் கொடுக்கப்பட்டது, நாகப்பட்டினம் மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் இன்றும் புத்தர் சிலை இருக்கிறது என்று சொன்னால், சமயங்கள் வரவும் செய்யும் போகவும் செய்யும் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் சமணக் கோயில்கள் இன்னும் வழிபாட்டில் இருக்கின்றன. ஆகையால் சமணத்தை 'இருந்தது' என்று இறந்தகாலத்தில் சொல்லக் கூடாது.

'எந்தச் சமயம் சிறந்தது' என்று பட்டிமன்றம் வைக்கும் ஆசை வரும். வேண்டாம். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடும் வழக்கம் பூம்புகாரில் இருந்ததை மணிமேகலை காட்டுகிறது. அவர்கள் கற்றுத் தேர்ந்த பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளை தன் அப்பா அம்மாவைக் காப்பாற்றத்தான் அந்த மேடையில் பேசும்.

கேட்கக் கூடாத கேள்விகள்

'உங்கள் குலதெய்வம் எது?' மிகச் சாதாரணமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் நம் ஊரில் அதற்குப் பதில் சொன்னால் பல நேரம் சாதியும் தெருவும் தெரிந்துவிடும். 'ஊரில் உள்ள வழிபாட்டிடங்களை வரைபடமாக வரைந்து, உன் வீட்டைக் குறி' என்பதும் அதே கதைதான். படம் வரையட்டும், வீட்டைக் குறிக்க வேண்டாம். பெரிய கோயிலோடு பிடாரி, காத்தவராயன், ஐயனார் கோயில்களும் சம அளவு கட்டமாக வரட்டும். ஊரில் அந்தச் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள் ஏராளம். பாடத்தில் மட்டும் அவர்கள் காணாமல் போகிறார்கள்.

'பொங்கலுக்கு என்ன டிரஸ் எடுத்தீங்க?' சமயத்தைவிட வறுமையைத்தான் வெளியே இழுக்கும். 'பாத்திமா, நீ சொல்லும்மா, உங்க மதத்துல ஏன் இப்படி?' என்று வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளையைக் கேட்பது அதைவிட மோசம். ஒன்பது வயதில் அவள் ஒரு சமூகத்துக்கே பதில் சொல்ல வேண்டியதில்லை. அவளாகக் கை தூக்கினால் பேசட்டும். அப்போதும் "பாத்திமா வீட்டில் இப்படிச் செய்கிறார்கள்" என்றுதான் பலகையில் எழுத வேண்டும். நோன்பு இருக்கும் பிள்ளையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் உட்கார வைத்து வேடிக்கை ஆக்காதீர்கள். வாசிப்பு மூலையில் ஒரு வேலை கொடுங்கள், வெயிலில் ஓடவிட வேண்டாம்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

"சாமி இருக்காரா டீச்சர்?" கட்டாயம் வரும். "இருக்காருன்னு நம்புறவங்க நெறைய பேர். இல்லேங்கிறவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரியலங்கிறவங்களும் இருக்காங்க. வீட்டுல கேட்டுப் பாரு. இங்க வந்து சொல்லணும்னு இல்ல." அந்தக் கடைசி வாக்கியம் சேர்ந்தால்தான் பதில் முழுமை. "நீங்க கும்பிடுவீங்களா?" என்று அடுத்து வரும். மூன்றாம் வகுப்பு வரை, "அது என் வீட்டு விஷயம்டா கண்ணு" என்று சிரித்துவிடுவதே நல்லது. அந்த வயதில் டீச்சர் சொன்னதுதான் சரியான விடை என்று எழுதிக்கொள்வார்கள்.

சாவைப் பற்றிய கேள்விக்கும் இதே முறைதான். ஆனால் வகுப்பில் அண்மையில் யாராவது அப்பாவையோ அம்மாவையோ இழந்திருக்கிறார்களா என்று முதலில் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

ஒரு கேள்விக்கு மட்டும் நடுநிலை கிடையாது. "எங்க வீட்ல அவங்க வீட்டுத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்வாங்க" என்று ஒரு பிள்ளை சொல்லும். அதை 'ஒரு பார்வை' என்று கட்டத்தில் எழுதக் கூடாது. தீண்டாமை அரசியலமைப்பின் 17-வது பிரிவால் ஒழிக்கப்பட்டது, அது குற்றம், இந்த வகுப்பில் எல்லாரும் ஒரே குடத்தில்தான் தண்ணீர் குடிப்போம் என்று அந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள். வீட்டில் கேட்டதைத்தான் அது சொன்னது. யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ, அந்தப் பிள்ளையின் முகத்தை அன்று மாலை வரை கவனியுங்கள்.

வழிபாட்டிடம் பார்க்கப் போவது

ஒரு நாளில் ஒரே இடம். மூன்று இடத்தை ஒரே நாளில் சுற்றினால் ஐஸ்கிரீம் வாங்கிய கடைதான் நினைவில் நிற்கும். வெள்ளிக்கிழமை நண்பகல், ஞாயிறு காலை, உச்சிகால பூசை நேரங்களைத் தவிர்த்து, காலை பத்து மணி வாக்கில் போவது நல்லது. ஆசிரியர் ஒரு வாரம் முன்பே தனியாகப் போய்ப் பொறுப்பாளரிடம் மூன்று விஷயம் பேசி வர வேண்டும்: எதுவரை போகலாம், பெண் பிள்ளைகளும் அதே இடம்வரை போகலாமா, பிள்ளைகளிடம் பேசப்போவது யார். சில கோயில்களில் இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை இருக்கும். சில பள்ளிவாசல்களில் பெண்கள் உள்ளே வருவதில்லை. அப்படியானால் வகுப்பு முழுவதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே என்று பிரிந்தால், நீங்கள் கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிரானதைத்தான் கற்பித்திருப்பீர்கள். பிரச்சினை இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. தரங்கம்பாடியில் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் வரலாற்றுப் பாடத்துக்கும் சேர்த்து உதவும். நாகூரில் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தார் என்பதை அந்த மினாராவின் அடியில் நின்று கேட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

திருநீறு, தீர்த்தம், பாத்திஹா ஓதிய சர்க்கரை, எதுவானாலும் வாங்குவதும் வாங்காததும் பிள்ளையின் விருப்பம். "வேண்டாம்னா கையைக் கட்டிக்கிட்டு நின்னா போதும்" என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள், கொடுப்பவரிடமும் சொல்லிவையுங்கள். பேசுகிறவருக்குப் பிள்ளைகளின் ஐந்து கேள்விகளை முன்கூட்டியே கொடுங்கள். "எங்கள் மதம் சொல்கிறது" என்று பேசாமல் "நான் இப்படிச் செய்கிறேன்" என்று பேசச் சொல்லுங்கள். துண்டுப் பிரசுரமோ பிரார்த்தனை அழைப்போ கூடாது.

பெற்றோர், நேரம், மதிப்பெண்

வாரத்துக்கு ஒரு பீரியடு தாராளம். நீதிபோதனை வகுப்பு இருந்தால் அதில் வைக்கலாம், இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்புக்கு மேல் சமூக அறிவியலோடு சேர்க்கலாம். ஈராசிரியர் பள்ளியில் எல்லா வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். படம் பார்ப்பது எல்லாருக்கும் பொது, அட்டவணை பெரியவர்களுக்கு, சிறியவர்களுக்கு வரைதல்.

தொடங்கும் முன் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசுங்கள். "புள்ளைய மதம் மாத்தப் பாக்குறீங்களா?" என்று ஒருவர் கேட்பார். "பள்ளிக்கூடத்துல சாமிப் பேச்சு எதுக்கு?" என்று இன்னொருவர் கேட்பார். இருவருக்கும் பதில் ஒன்றே: பாடக் குறிப்பையும் துண்டுச் சீட்டுகளையும் மேசையில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தங்கள் வீட்டைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் திருத்தம் கிடைக்கும், அது பாடத்துக்கு லாபம். வெளியே அழைத்துப் போவதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு அன்று பள்ளியிலேயே அதே தலைப்பில் வேறு வேலை இருக்கட்டும். தண்டனை மாதிரி இருக்கக் கூடாது.

மதிப்பெண் நம்பிக்கைக்குக் கிடையாது. மனப்பாடமாகச் சுலோகமோ சூராவோ ஜெபமோ சொன்னதற்கும் கிடையாது. பார்க்க வேண்டியவை மூன்று: 'என்று நம்புகிறார்கள்' என்பதைத் தேவையான இடத்தில் போடத் தெரிகிறதா, 'எல்லாரும்' என்பதைச் 'சிலர்' ஆக்கத் தெரிகிறதா, விருந்தினரிடம் புண்படுத்தாமல் ஒரு கேள்வி கேட்கத் தெரிகிறதா. நான்காம் வகுப்பு நோட்டில், "நாகூரில் சிலர் முடி இறக்குகிறார்கள். ஏன் என்று கேட்டால் வேண்டுதல் என்கிறார்கள். என் தோழி வீட்டில் தர்காவுக்குப் போவதில்லை. எங்கள் வீட்டில் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போவோம்" என்று நாலு வரி பிழையில்லாமல் இருந்தால் முழு மதிப்பெண் போடலாம்.